நிரந்தரம் என்று எழுதும் முன்: மொரீஷியஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எபேனில் கணினி வேலைக்கோ மோக்காவில் படிப்புக்கோ வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் கோயிலில் ஒரு நாள் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். "நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்தானே, தமிழ் எழுதத் தெரியுமா?" என்று கிரியோலில் கேட்பார்கள். கையில் ஒரு தாள் இருக்கும், அதில் பிரெஞ்சில் இரண்டு வரி. நன்கொடைப் பலகைக்கோ கல்லறைக்கோ அழைப்பிதழுக்கோ அதைத் தமிழில் எழுதித் தரவேண்டும். மறுக்காதீர்கள். ஆனால் அவசரப்பட்டும் எழுதித் தராதீர்கள்.

இங்கே தமிழர் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான். தமிழ் இருப்பது வழிபாட்டில், பள்ளிப் பாடத்தில், பெயர்களில், பலகைகளில். பேச்சில் குறைந்துபோனதாலேயே எழுத்தில் இருப்பதை இவர்கள் கண்ணைப்போல் பார்த்துக்கொள்கிறார்கள். 1998இல் வந்த புது ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் கல்லில் ஏறப்போகும் ஒரு சொல்லை நீங்கள் எழுதித் தருகிறீர்கள்.

இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். பிரெஞ்சுத் தாளில் பெர்மனான் (தற்காலிகமல்லாத), பெர்பெத்துயெல் (விடாமல் தொடரும்), எத்தெர்னெல் (முடிவில்லாத), ஆ வி (ஆயுளுக்கும்) என்று நாலு விதமாக இருக்கும். பேனா நாலுக்கும் 'நிரந்தர' என்று எழுதிவிட்டுப் போய்விடும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

நிர் + அந்தரம். வடமொழி வழி வந்த சொல். அந்தரம் என்றால் இடைவெளி. 'அந்தரத்தில் தொங்குகிறது' என்கிறோமே, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் விடப்பட்ட அந்த வெற்றிடம்தான். நிர் என்றால் இல்லாதது. ஆக, நிரந்தரம் என்றால் இடைவெளி இல்லாதது, நடுவில் விட்டுப்போகாதது.

முடிவே இல்லாதது என்று அந்தச் சொல் முதலில் சொல்லவில்லை. அறுபடாமல் தொடர்வது என்றுதான் சொல்கிறது. வழக்கில் 'எப்போதைக்குமாக' என்ற பொருளும் அதற்கு ஏறிவிட்டது, அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் அடிப்பொருளை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எங்கே இந்தச் சொல் பொருந்தும், எங்கே உறுத்தும் என்று காதே சொல்ல ஆரம்பிக்கும்.

உங்கள் கைக்கே வரப்போகும் ஒரு தாளைப் பாருங்கள். இந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி 20 ஆண்டுக்குத்தான். முன்பு 10 ஆண்டாக இருந்ததை 2020இல் 20 ஆக்கினார்கள். "20 வருடத்தில் முடிகிற ஒன்றுக்கு நிரந்தரம் என்று பெயரா?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அடிப்பொருள்படி பார்த்தால் பெயர் சரிதான். சில ஆண்டுக்கு ஒருமுறை பர்மிட் முடிந்து, அடுத்தது வருமா வராதா என்று அந்தரத்தில் நிற்கும் நாட்கள் அந்த 20 ஆண்டில் இல்லை. ஆனால் அதை என்றென்றைக்குமான உரிமை என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். உங்கள் எழுத்தை நம்பி ஒரு குடும்பம் வீடு வாங்கலாம்.

இன்னொன்று. நாளிதழ்களில் 'நிரந்தரக் குடியுரிமை' என்று அடிக்கடி வருகிறது. குடியுரிமை என்றால் அந்த நாட்டுக் குடிமகன் ஆவது. அதற்கு முன்னால் நிரந்தரம் தேவையில்லை. தங்கி வாழ அனுமதி மட்டும் என்றால் குடியிருப்பு அனுமதி, அல்லது இலங்கைத் தமிழர் சொல்வதுபோல் வதிவிட அனுமதி. இரண்டையும் கலந்து எழுதிய ஒரு விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது.

இரண்டாவது, தாளைத் தந்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

கேள்வி இதுதான்: "எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?" நடுவில் அறுந்துபோகக் கூடாதா, இடம் பெயரக் கூடாதா, அழிந்துபோகக் கூடாதா, மறந்துபோகக் கூடாதா? விடைக்குத் தகுந்தாற்போல் தமிழில் சொல் மாறும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு விளக்குப் பலகையால். கோயிலுக்கு ஒரு குடும்பம் எப்போதும் எரியும் விளக்கு வைத்துக் கொடுத்தது. பலகைக்கு 'நிரந்தர விளக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்தில் ஒரு பெரியவர் இருந்தார், எல்லாரும் அவரைத் தோந்தோன், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார். விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வாசித்துவிட்டு, "நிரந்தரம் என்றால் என்ன?" என்றார். பெர்மனான் என்றேன். "விளக்கு பெர்மனானா? பித்தளை பெர்மனான், சரி. எண்ணெய் யார் ஊற்றுவது?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துப்போனது. அவருக்கு வேண்டியது விளக்கின் ஆயுள் இல்லை, சுடர் அணையாமல் இருப்பது. அதற்குத் தமிழில் நேரான சொல்லே இருக்கிறது: அணையா விளக்கு. கல்வெட்டுகளில் நந்தா விளக்கு, நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்று பல வடிவில் வரும். பலகையை 'அணையா விளக்கு' என்று மாற்றினோம்.

எண்ணெய் பற்றிய அவர் கேள்வியும் பழையதுதான். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காகக் கோயிலுக்கு 96 ஆடு விடுவது வழக்கம். சில கல்வெட்டுகளில் 90. அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். ஆனால் கிழடு போன இடத்தைக் குட்டி நிரப்பும். இடையன் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நெய் நாள்தோறும் அளக்க வேண்டும். ஒவ்வோர் ஆடும் போய்விடும், 96 என்பது போகாது. இடைவெளி விடாமல் தொடர்வது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன். அந்தத் தர்மம் எதுவரைக்கும்? 'சந்திராதித்தவற்' என்று வெட்டினார்கள், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. காலத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் காலத்தைக் குறித்தார்கள், தொடர்ச்சியைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆட்டைச் சொன்னார்கள்.

எங்கள் கோயிலில் இப்போது மாதத்துக்கு ஒரு குடும்பம் எண்ணெய் தருகிறது. பன்னிரண்டு பெயர், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். ஒருவர் வெளிநாடு போனால் அந்தக் கட்டத்தில் அடுத்தவர் பெயர் ஏறும்.

மூன்றாவது, விடைக்கேற்ற சொல்லை எடுங்கள்

நிலை. நில் என்ற வேர்ச்சொல்லிலிருந்து வருவது. அசையாமல் நிற்பது, இடம் பெயராதது. தேர் நிலைக்கு வந்தது, நிலைவாசல், நிலைத்த புகழ் என்பதெல்லாம் இதுதான். திருக்குறளின் 34ஆம் அதிகாரத்துக்கு நிலையாமை என்று பெயர். நில்லாதவற்றை நிலையானவை என்று எண்ணும் அறியாமையைத்தான் அதன் முதல் குறளே கடிகிறது. சுத்தத் தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் எல்லா இடத்திலும் நிரந்தரத்தை எடுத்துவிட்டு நிலையானதைப் போடுவதைப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் அது ஒட்டாது. 'நிலையான வேலை' என்றால் ஆட்டம் காணாத வேலை, 'நிரந்தர வேலை' என்றால் தற்காலிகமல்லாத வேலை. நிரந்தர வேலையில் இருந்துகொண்டே நிலையில்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

மனிதர் ஓர் ஊரில் வேர்விடுவதற்கும் நிலைதான் பொருந்தும். லா பூர்தொன்னே 1735இல் ஆளுநராக வந்த காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் வந்தார்கள், தொடக்கத்தில் 5 ஆண்டு ஒப்பந்தம். வந்தது தற்காலிகமாகத்தான். ஆனாலும் இந்தத் தீவில் நிலைகொண்டார்கள். அந்த இடத்தில் 'நிரந்தரமானார்கள்' என்று எழுதிப் பாருங்கள், சம்பளப் பட்டியலில் சேர்த்ததுபோல் இருக்கும்.

நித்தியம். இதில் ஒரு வழுக்கல் உண்டு. நித்திய பூசை என்றால் என்றைக்குமான பூசை இல்லை, நாள்தோறும் செய்யும் பூசை. நித்தமும் என்றால் தினமும். அதே சொல் நித்தியானந்தம் என்று வரும்போது முடிவில்லாதது என்றாகிறது. கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் படாத பாடு பட்டேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு சிறுமி தானாகவே சொன்னாள்: "துலெஸூர், துஸூர் மாதிரியா, டீச்சர்?" துலெஸூர் என்றால் கிரியோலில் தினமும். துஸூர் என்றால் எப்போதும். இரண்டிலும் இருப்பது நாள் என்ற சொல்தான். எல்லா நாளும் வருவது எப்போதும் இருப்பது ஆகிவிடுகிறது. நித்தமும் நித்தியமும் அதேபோலத்தான். அன்றிலிருந்து இப்படித்தான் கற்பிக்கிறேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட ஒரு பூச்செடியை நாம் நித்தியகல்யாணி என்கிறோம். வருடம் முழுக்க விடாமல் பூப்பதால் அந்தப் பெயர். அதே பூவைத் தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஒரே செடிக்கு நித்தியமும் சுடுகாடும் பெயராக வாய்த்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும்.

அழியாத. தேய்த்தாலும் கழுவினாலும் போகாதது. தேர்தலில் விரலில் வைப்பது அழியாத மை. நகம் வளர வளர அதுவும் போய்விடும், ஆனால் சோப்புப் போட்டால் போகாது. பெர்மனென்ட் மார்க்கர் என்று பெட்டியில் இருந்தால் நிரந்தரப் பேனா என்று எழுதாதீர்கள், அழியாத மைப் பேனா போதும்.

ஆயுள். சங்கங்களில் 'மாம்ப்ர் ஆ வி' என்பது ஆயுள் உறுப்பினர். நிரந்தர உறுப்பினர் என்றால் ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நாடுகள்போல, மாற்றமில்லாத இருக்கை உள்ளவர் என்று ஆகும். சங்கத் தேர்தல் நேரத்தில் அந்த வித்தியாசம் சண்டையில் கொண்டுபோய் விடும்.

சாசுவதம் என்ற சொல்லும் இருக்கிறது. 'இங்கே எது சாசுவதம்?' என்று பேச்சில் வரும்போது அழகாக இருக்கும். பலகையில் வேண்டாம்.

நான்காவது, வேலை ஒப்பந்தத்தில் கவனம்

ஊரில் வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆசிரியர்கள் தெருவில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏக்கத்தோடு இங்குள்ள ஒப்பந்தத்தை வாசித்தால் பொருள் தவறிப்போகும். 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் ஒப்பந்தங்களைக் காலம் குறித்தது, காலம் குறிக்காதது என்று பிரிக்கிறது. காலம் குறிக்காதது என்றால் முடியும் தேதி எழுதப்படவில்லை என்று மட்டும்தான் பொருள். உரிய காரணமும் முன்னறிவிப்பும் இருந்தால் அதுவும் முடியும். அதை 'காலவரையறையற்ற ஒப்பந்தம்' என்று எழுதுங்கள். நிரந்தர ஒப்பந்தம் என்று ஒருவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்து, அவர் ஊரில் அப்பா அம்மாவிடம் அப்படியே சொல்லி, அப்புறம் வேலை போனபோது எனக்கும் தூக்கம் வரவில்லை.

வங்கியிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் நிரந்தர வைப்பு, இலங்கையில் நிலையான வைப்பு. இரண்டிலும் முதிர்வுத் தேதி உண்டு. வழக்கான பெயர்கள் என்பதால் மாற்றத் தேவையில்லை, தேதியைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

விண்ணப்பங்களில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ரோஸ் ஹில் வாடகை வீட்டை எழுதாதீர்கள். நீங்கள் எத்தனை வீடு மாறினாலும் கடிதம் போட்டால் உங்களிடம் வந்து சேரும் ஓர் இடம்தான் அது. பெரும்பாலானவர்களுக்கு அது ஊரில் இருக்கும் வீடு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஐந்தாவது, கல்லறை வரி

இதைத்தான் மிக நிதானமாகச் செய்ய வேண்டும். பிரெஞ்சில் 'ரெப்போ எத்தெர்னெல்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். 'நிரந்தர ஓய்வு' என்று எழுதினால், வாசிக்கிறவருக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றதுதான் நினைவுக்கு வரும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அவர்கள் செபத்தில் உள்ள 'நித்திய இளைப்பாற்றி' இருக்கிறது. நித்திய ஜீவன் என்பது பழைய விவிலியத் தமிழ், பின்னர் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது நிலைவாழ்வு ஆனது. எது வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சைவக் குடும்பம் என்றால் சிவபதம் அடைந்தார், இறைவனடி சேர்ந்தார். மீளாத் துயில் என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

போன வருடம் ஓர் அம்மா தன் தாய்க்கு எழுத வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளில் 'பூ துஸூர்' என்று மட்டும் கிரியோலில் எழுதியிருந்தார், எப்போதைக்கும் என்று. நான் வழக்கம்போல் கேட்டேன், எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள்? நேரம் எடுத்துக்கொண்டார். கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். "என் பேரப்பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாமல் போகக் கூடாது" என்றார். 'என்றும் எங்கள் நினைவில்' என்று எழுதிக் கொடுத்தேன். கீழே கிரியோல் எழுத்தில் அதை எப்படி வாசிப்பது என்றும் எழுதினேன். அங்கேயே உட்கார்ந்து மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆறாவது, எழுத்தைச் சரிபாருங்கள்

நிரந்தரத்தில் வருவது இடையின ர, இரண்டு இடத்திலும். நிறந்தரம் என்று எழுதியதை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: நிரந்தரத் தீர்வு, நிரந்தரப் பணி, நிரந்தரக் குடியிருப்பு. மற்ற எழுத்துக்கு மிகாது: நிரந்தர முகவரி, நிரந்தர வைப்பு. எதிர்ச்சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். நிரந்தரத்துக்குத் தற்காலிகம், நிலைக்கு நிலையாமை, நித்தியத்துக்கு அநித்தியம்.

அப்புறம், கல் வெட்டுகிறவர். இங்கே அவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது அபூர்வம். நீங்கள் கொடுத்த வடிவத்தை ஓவியம்போல் பார்த்து வெட்டுவார். புள்ளி அவருக்குத் தூசி மாதிரித் தெரியும். எங்கள் கோயிலின் ஒரு பழைய பலகையில் புள்ளி ஒன்றுகூட இல்லை, 'நிரநதரம' என்று நிற்கிறது. அதனால் கணினியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, புள்ளி உள்ள எழுத்துகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். எத்தனை புள்ளி என்று ஓரத்தில் எண்ணால் எழுதுங்கள். 'என்றும் எங்கள் நினைவில்' என்றால் 5. வெட்டுவதற்கு முன் கல்லில் சாக்கட்டியால் வரைவார்கள். அந்த நேரத்தில் நேரில் போய் நின்று புள்ளிகளை எண்ணிவிட்டு வாருங்கள்.